வாசலுக்கு வெளியே நின்ற கடிதங்கள்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, நான் எப்போது பேச்சை முடிப்பேன் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட குடியிருப்போர் சங்கத் தலைவர் திரு. சத்யநாராயணன் அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும் மதிப்புக்குரிய வேதா மாமி அவர்களே! பெங்களூரிலிருந்து வந்திருக்கும் அவர்கள் மகன் கிரீஷ், மருமகள் சின்மயி அவர்களே! சிட்லபாக்கம் பழங்காகித நண்பர்கள் வட்டத்தின் உறுப்பினர்களே! எதிலும் உறுப்பினராக இல்லாமல், ராகவன் சாரைப் பிடிக்கும் என்ற ஒரே காரணத்துக்காக வந்து பின்னால் நின்றுகொண்டிருக்கும் அன்பு நெஞ்சங்களே! எல்லோருக்கும் இந்தத் தாவீதின் வணக்கம்.

அதோ, மாலை போட்ட படத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறாரே, அவர்தான் 'காகிதக் காவலர்' ஸ்ரீநிவாசராகவன்! அந்தப் பட்டத்தை இதே மேடையில் நம் வட்டம்தான் கொடுத்தது. சான்றிதழைக் கையில் வாங்கியதும் அவர் முதலில் எதைப் பார்த்தார்? தன் பெயரையா? இல்லை. கீழே கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை! நம் தலைவர் போட மறந்துவிட்டார். "சத்யநாராயணன் சார், கையெழுத்து இல்லாத காகிதத்தை நான் ஆத்துக்கு எடுத்துண்டு போறதில்லை" என்று சொல்லி, தன் பேனாவைத் திறந்து நீட்டிக்கொண்டு மேடையிலேயே நின்றார். தலைவர் போட்டுக் கொடுத்த பிறகுதான் நாம் கை தட்ட முடிந்தது. தலைவர் சிரிக்கிறார். சிரியுங்கள் சார், இன்றைக்கு அதற்குத் தடை இல்லை.

நண்பர்களே, உங்களில் பலர் மனத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. எனக்குத் தெரியும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என்னிடம் கேட்டுவிட்டீர்கள். அவர் சேர்த்து வைத்த அத்தனை கையெழுத்தும், அத்தனை குடும்பக் கடிதமும் இனி என்ன ஆகும்? வீட்டைப் பூட்டிவிடுவார்களா? காகிதங்கள் பிரிந்து போகுமா? நேற்று வரைக்கும் எனக்கும் அதற்குப் பதில் தெரியாது. பதிலைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் பாதிப் பேர் காபி குடிக்கக் கிளம்பிவிடுவீர்கள்.

நானும் அவரும் தாம்பரம் ரயில்வே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேஜை. நான் கோவளத்துக்காரன், மீன் வாசம் தெரிந்தவன். அவர் ஐயங்கார், வெங்காய வாசத்துக்கே ஜன்னலைத் திறப்பார். மதியம் என் டிபன் பாக்ஸைத் திறந்தால் அவர் சரியாக அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்கப் போவார். மற்றபடி முப்பது வருஷம் எங்களுக்குள் ஒரு சண்டை இல்லை. எப்படி இருக்கும்? சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும். அவர்தான் எப்போதும் எவனோ எழுதிய லீவ் லெட்டரில் மூழ்கிக் கிடப்பாரே!

ஆம், லீவ் லெட்டர்தான்! மற்றவர்கள் பெரிய மனிதர்களின் கையெழுத்துக்காக ஆட்டோகிராஃப் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ராகவன் சார் ஓட மாட்டார். "தாவீது, கேட்டு வாங்கற கையெழுத்து ஸ்டூடியோ போட்டோ மாதிரி. தலையைச் சீவிண்டு உட்கார்ந்திருக்கும். கேக்காம தானா விழுந்த கையெழுத்துலதான் மனுஷன் இருக்கான்" என்பார். நாடே கொண்டாடிய ஒரு பாடகர் ஒரு கூடை மாம்பழத்தைப் பெற்றுக்கொண்டேன் என்று பார்சல் ரசீதில் போட்ட கையெழுத்து அவரிடம் இருக்கிறது. அவசரமாகப் போட்டது. மாம்பழம் அழுகிவிடுமோ என்ற கவலை அந்த எழுத்திலேயே தெரியும்! பழைய கோப்புகளைக் கழித்துக்கட்டிய வருஷம், அந்த ஒரு ரசீதுக்காக மேலதிகாரிக்கு விண்ணப்பம் எழுதி, எழுத்துமூலம் அனுமதி வாங்கினார். அப்புறம் அந்த அனுமதிக் கடிதத்தையும் சேகரிப்பில் வைத்துக்கொண்டார். கேட்டால், "அதிகாரி எரிச்சல்ல போட்ட கையெழுத்து. பிரமாதமா வந்திருக்கு" என்றார்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்குப் பெரிய மனிதர்கள் போதவில்லை. நம் மாதிரி சின்ன மனிதர்களின் பக்கம் திரும்பினார். நம் காலனியில் போகிப் பண்டிகை எப்படி விடியும் என்று உங்களுக்குத் தெரியும். நாம் பழசை எல்லாம் வாசலில் போட்டுக் கொளுத்துவோம். இவர் ஈரச் சாக்கும் நீள இடுக்கியுமாகத் தெருத் தெருவாக வருவார். எரிகிற குவியலுக்குள் இடுக்கியை விட்டுக் கடிதங்களை இழுப்பார். இன்லேண்ட் லெட்டர், ஜாதகம், பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டு, எதையும் விடமாட்டார். டீக்கடை சவுரிமுத்து ஒரு தடவை கத்தினார்: "இன்னா சார் நீ! பழசு எரிஞ்சாத்தான் பொங்கலே வரும். நீ இன்னாடான்னா நெருப்புக்குள்ளாற கையை வுட்டுகினு கீறே! பேஜாராப் போச்சு உன்னாண்ட!" சொன்னவர் சும்மா இருந்தாரா? ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து தன் வீட்டுத் தீயின் மேல் ஊற்றினார். "எத்துக்கினு போ" என்றார். சவுரிமுத்துவின் அப்பா எழுதிய கடிதங்கள் இன்றைக்கு இருக்கின்றன என்றால் அந்த ஒரு வாளித் தண்ணீரால் இருக்கின்றன.

எடுத்துக்கொண்டு போவதோடு நிற்பாரா? ஒவ்வொரு காகிதத்தின் பின்னாலும் பென்சிலால் 'கொடுத்தவர்' என்று எழுதி, கொடுத்தவரின் பெயரைப் போடுவார். ஜெராக்ஸ் எடுத்து அந்தக் குடும்பத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். புதுசாகக் கல்யாணமான ஒரு பெண் தன் அம்மாவுக்கு, 'வற்றல் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று உடனே எழுதவும், மாமியாருக்குத் தெரிய வேண்டாம்' என்று எழுதிய கடிதம் ஒன்று உண்டு. அதைக் கொண்டுபோய் அந்த வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினார். இப்போது அந்தப் பெண்ணே மாமியார்! மருமகள் விழுந்து விழுந்து சிரிக்க, அந்த வீட்டில் ஒரு மாதத்துக்குக் குழம்பைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு ஒரு கண்டிப்பும் உண்டு. யார் கையிலும் புழங்காத காகிதத்தைத் தொடமாட்டார். கடையில் புதுசாக அச்சடித்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தால், "இது இன்னும் காகிதமே ஆகலை, நாலு கை மாறட்டும்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

இனி முக்கியமான கதைக்கு வருகிறேன். ஒரு நாள் மூச்சு வாங்க என் வீட்டுக்கு வந்தார். சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு குடும்பம்; அந்த வீட்டுப் பெரியவர் இறந்தபோது, நம் எல்லோருக்கும் பெயர் தெரிந்த ஒரு தலைவர் தன் கையாலேயே துக்கம் விசாரித்து கார்டு எழுதினாராம். உடனே ரயில் ஏறினோம். வழி முழுக்க அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோவில் பக்கத்துத் தெருவில் வீட்டைக் கண்டுபிடித்தோம். அந்த வீட்டு அம்மாள் எங்களை உட்கார வைத்து, நீர்மோர் கொடுத்து, கேள்வியைக் கேட்டுக்கொண்டு, பொறுமையாகப் பதில் சொன்னார்.

"வந்துது. படிச்சேன். கிழிச்சேன். குளிச்சேன்."

ராகவன் சார் முகத்தைப் பார்க்க வேண்டுமே! என்ன சொல்ல முடியும்? இந்துக் குடும்பங்களில் வழக்கம் அதுதானே! சாவுச் செய்தியோ, துக்கம் விசாரித்த கார்டோ, காரியப் பத்திரிகையோ, ஓரத்தில் கறுப்பு மை தடவி வந்தால், படித்த கையோடு கிழித்துப் போட்டுவிட வேண்டும். வீட்டுக்குள் வைக்கக்கூடாது. எங்கள் பக்கம் நேர்மாறு. இறந்தவர்களின் நினைவு அட்டையை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்து, தினம் எடுத்துப் பார்ப்போம். ராகவன் சார் எழுந்து கிளம்பத் தயாரானார். அப்போது அந்த அம்மாள், "கார்டுதானே போச்சு, எழுதினது போகலையே" என்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தலைவர் எழுதியதை முழுக்க ஒப்பித்தார்! ஒரு வார்த்தை தடுக்கவில்லை. ராகவன் சார் எழுதி எடுத்துக்கொண்டார். அந்த அம்மாள் தானே பேனாவை வாங்கி, கீழே தன் பெயரைப் போட்டார். யாரும் கேட்கவில்லை.

திரும்பும்போது கூடுவாஞ்சேரி வரைக்கும் அந்தக் காகிதத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு வந்தார். அப்புறம் சொன்னார்: "தாவீது, கல்யாணப் பத்திரிகைல எல்லாரும் பட்டத்தையும் பதவியையும் போட்டுப்பா. சாவுக் கடுதாசில பொய் எழுத யாருக்கும் நேரம் கிடையாது. அதைப் போய் நாம கிழிச்சுண்டே இருக்கோம்." அன்றிலிருந்து கறுப்பு ஓரம் போட்ட கடிதங்களைத் தேடத் தொடங்கினார். கிழிந்ததையும் விடவில்லை. பல வீட்டு வாசல்களில் துண்டு துண்டாகப் பொறுக்கி, கஞ்சிப் பசையால் ஒட்டினார்.

சேர்த்தாரே, எங்கே வைப்பது? இங்கேதான் வேதா மாமி வருகிறார்! மாமி, மன்னிக்க வேண்டும், நான் இதைச் சொல்லியே ஆக வேண்டும். முதல் பெட்டியோடு அவர் வாசற்படியில் கால் வைத்தார். மாமி குறுக்கே நின்றார்.

"பெரியவா கையெழுத்து வரட்டும், யாராத்து வத்தக்குழம்போ வரட்டும், நான் ஒண்ணும் சொல்லலை. ஊரான் சாவெல்லாம் என் ஆத்துக்குள்ள வரப்படாது."

"காகிதம்தானே வேதா..."

"காகிதம்தானேன்னு நீங்க எதைச் சொல்லியிருக்கேள் இதுவரைக்கும்?"

காகிதக் காவலர் பெட்டியோடு படியிறங்கினார்! வேறு வழி? வாசலில் ஓடாமல் நின்ற பழைய மாருதி காருக்குள் பெட்டிகளை அடுக்கினார். வீட்டுக்கு வெளியே, ஆனால் கேட்டுக்குப் பக்கத்தில். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் அல்லவா! காலனிப் பிள்ளைகள் அந்தக் காருக்குப் பக்கத்தில் பந்து போனால் எடுக்கப் போகமாட்டார்கள். அவருக்கு அதில் ஏக சந்தோஷம். இலவசக் காவல் என்பார்.

இரண்டாயிரத்துப் பதினைந்து மழை வந்தது. நம் ஏரி நிரம்பித் தெருவுக்குள் வந்தது. எதைக் காப்பாற்றுவது என்று நாம் எல்லோரும் அலைந்த காலை அது. ராகவன் சார் கீழ்த்தளத்துக் காகிதங்களை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். கார் அவர் நினைவிலேயே இல்லை. நான் இரண்டு தெரு தள்ளி, கொஞ்சம் மேட்டில் இருக்கிறேன். வாசலில் நின்று பார்க்கிறேன், முழங்காலுக்கு மேல் தண்ணீரில், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையில் ஒரு பெட்டியோடு வருவது யார்? வேதா மாமி! ஒரு பெட்டியை என் வீட்டில் வைத்துவிட்டு, அடுத்ததற்குத் திரும்பிப் போனார். நானும் என் மருமகள் ஜாஸ்மினும் கூடவே ஓடினோம். எல்லாப் பெட்டிகளும் வந்து சேர்ந்தன. நனைந்து நடுங்கிக்கொண்டே மாமி சொன்ன வார்த்தை எனக்கு மறக்காது.

"ஆத்துக்குள்ள விடமாட்டேன்னுதானே சொன்னேன்? தண்ணியில விடறேன்னு சொன்னேனா?"

அன்றிலிருந்து அந்தப் பெட்டிகள் என் வீட்டில். ஒரு சேகரிப்பு இரண்டு வீட்டில் இருந்தது. பிறந்ததும் கல்யாணம் ஆனதும் அவர் வீட்டில். செத்தது எல்லாம் என் வீட்டில்! தினமும் காலை நடைக்குப் பிறகு வந்து, பெட்டிகளைத் திறந்து பார்த்துவிட்டு, ஜாஸ்மின் போடும் டீயைக் குடித்துவிட்டுப் போவார். போகும்போது ஒரே பாட்டுத்தான்: "ஒரே குடும்பத்துக் காகிதம் தாவீது. ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ வரணும். நான் இருக்கறச்சே நடக்குமோ என்னமோ." மாமியிடம் கேளுங்களேன் என்பேன். "வற்புறுத்தி வாங்கினா அதுவும் ஆட்டோகிராஃப்தான்" என்பார். கேட்கவே இல்லை.

போன மாதம், ஒரு மதியத் தூக்கத்தில் நிம்மதியாகப் போய்விட்டார். நான் அழுதேன். சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் இல்லை. மறுநாள் காலை ஜாஸ்மின் பழக்க தோஷத்தில் அவருக்கும் சேர்த்து டீ போட்டுவிட்டாள். அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

பிறகு ஒரு நூலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். எந்த நூலகம் என்பது வேண்டாம். மரியாதையாகத்தான் பேசினார்கள். பெரிய மனிதர்களின் கையெழுத்துகளை மட்டும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். வற்றல் குழம்பு வேண்டாமாம். சவுரிமுத்துவின் அப்பா வேண்டாமாம். கறுப்பு ஓரம் வேண்டவே வேண்டாமாம். சிங்கப்பெருமாள் கோவில் அம்மாள் ஒப்பித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததைக் காட்டினேன். தலைவரின் கையெழுத்து எங்கே என்று கேட்டார்கள். கிரீஷுக்கு அம்மாவைப் பெங்களூருக்கு அழைத்துப்போகும் கவலை. எந்தப் பிள்ளைக்கு இருக்காது? 'சரி அங்கிள், அவர்கள் எடுப்பதை எடுக்கட்டும்' என்றார். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

அந்தக் கவலையிலும் எனக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. ராகவன் சாரின் காரியப் பத்திரிகை! வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அப்பாவுக்குப் பிடிக்காது என்று கிரீஷ் அதை முறையாக அச்சடித்து, ஓரத்தில் கறுப்பு போட்டு, வீடு வீடாகக் கொடுத்திருந்தார். சேகரிப்பின் கடைசிக் காகிதம் அதுவாகத்தானே இருக்க வேண்டும்? ஒரே ஒரு பிரதியை எடுத்துப் பெட்டியில் வைக்கலாம் என்று கிளம்பினேன். நண்பர்கள் வட்டத்தின் மூத்த உறுப்பினர் வீட்டுக்குப் போனேன். கிழித்துவிட்டார்! அடுத்த உறுப்பினர்? "படிச்சதும் கை தானா கிழிச்சிடுச்சு சார்!" பொருளாளர்? கிழித்துவிட்டுக் குளித்தும்விட்டாராம்! தலைவர் அவர்களே, என்னைப் பார்க்காமல் ஏன் மின்விசிறியைப் பார்க்கிறீர்கள்? நீங்களும்தான்! சாவுக் கடிதத்தைக் கிழிக்கக்கூடாது என்று மாதாமாதம் கூடித் தீர்மானம் போட்ட வட்டம் இது! காகிதக் காவலரின் காகிதத்தைக் கிழித்துப் போட்ட வட்டமும் இதுவே! அச்சாபீஸில் மிச்சம் இருந்ததையும் கடையில் வைத்துக்கொள்ளக்கூடாது என்று எரித்துவிட்டார்கள்.

சரி, நம் வீட்டில் ஒன்று இருக்கிறதே என்ற தைரியத்தில் திரும்பினேன். ஜாஸ்மின் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "மாமா, மாமி வீட்டு வழக்கம் அப்படின்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க. நாம வெச்சுக்கிட்டா அவங்க மனசு கஷ்டப்படும்னு கிழிச்சிட்டேன்." ஜெபப் புத்தகத்துக்குள் வைக்கிற ஒரே வீடு, அதிலும் இப்படி! கிரீஷ், "ஃபைல் இருக்கு அங்கிள், இன்னொண்ணு பிரிண்ட் எடுத்துடலாம்" என்றார். எப்படி எடுப்பது? யார் கையிலும் புழங்காத காகிதத்தை அவர் தொடமாட்டாரே! அவருடைய சேகரிப்பில் அவருக்கே இடம் இல்லாமல் போகிறதே என்று நேற்று சாயங்காலம் மாமியிடம் போய்ப் புலம்பினேன். புலம்பத்தான் போனேன். கேட்கப் போகவில்லை.

மாமி எழுந்து உள்ளே போனார். கூடத்தில் ராகவன் சாருடைய மேஜை டிராயரைத் திறந்தார். ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். உள்ளே அந்தப் பத்திரிகை! மடிப்புக் கலையாமல், கறுப்பு ஓரத்தோடு! எங்கே இருந்தது? வாசலிலா? காரிலா? வீட்டுக்குள், அவர் மேஜைக்குள்! திருப்பிப் பார்த்தேன். பென்சிலால், அவர் எழுதுகிற மாதிரியே, 'கொடுத்தவர்' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருந்தது. வேதா ஸ்ரீநிவாசராகவன்.

யாராவது கேட்டோமா? கேட்கவில்லை! ராகவன் சார், வாழ்நாள் முழுக்கத் தேடினீர்களே, தானாக விழுந்த கையெழுத்து, அது உங்கள் வீட்டுக்குள்ளேயே விழுந்திருக்கிறது!

நான் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மாமி சொன்னார்: "எல்லாரும் கிழிச்சிடுவான்னு எனக்குத் தெரியும். நானும் கிழிக்கத்தான் பார்த்தேன். கை வரலை. அவர் பேர் போட்டிருக்கே." பிறகு கிரீஷைப் பார்த்துச் சொன்னார்: "பெரியவா கையெழுத்தை மட்டும் தனியாப் பிரிச்சு யாருக்கும் குடுக்க வேண்டாம். நான் எங்கயும் வரலைடா. இங்கயே இருக்கேன். நீ வந்து பார்த்துக்கோ." கிரீஷ் உடனே அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டார். அப்பாவின் பிள்ளை, வற்புறுத்தவில்லை.

நண்பர்களே, உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். எதுவும் பிரியாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வீடு திறந்திருக்கும். உங்கள் வீட்டுக் காகிதத்தை நீங்களே வந்து பார்க்கலாம், புதிதாகக் கொண்டுவந்தும் தரலாம். வருகிற போகிக்கு அவருடைய இடுக்கி என் கையில். ஈரச் சாக்கு ஜாஸ்மின் பொறுப்பு. வாளித் தண்ணீர் சவுரிமுத்து பொறுப்பு. பின்னால் நிற்கிறார், தலையை ஆட்டிவிட்டார், எல்லோரும் சாட்சி! நம் வட்டத்து உறுப்பினர்களுக்கு இன்று ஒரே ஒரு உறுதிமொழிதான். இனி கறுப்பு ஓரம் போட்டு எது வந்தாலும், தயவுசெய்து, கைகளைக் கட்டிக்கொண்டு படியுங்கள்!

கடைசியாக ஒன்று. துக்க வீட்டில் வருகிறவர்களை 'வாங்க' என்று சொல்லமாட்டார்கள். பதிமூன்று நாளும் அந்த வாசலில் நாம் தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே போய் வந்தோம். நாள் எல்லாம் முடிந்து சுபமும் ஆகிவிட்டது. ஆனாலும் மாமி இன்னும் யாரையும் அப்படிச் சொல்லவில்லை. நேற்று நான் கிளம்பும்போது சொன்னார்: "நாளைக்குக் கூட்டம் முடிஞ்சதும் அந்தப் பெட்டியெல்லாம் எடுத்துண்டு வாங்கோ தாவீது. முதல் 'வாங்கோ' அதுகளுக்குத்தான். பாவம், வாசல்லயே நின்னுது."

ஆகவே, யாரும் காபிக்குக் கிளம்பக்கூடாது. பெட்டிகளை என் வீட்டு வாசலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். தலைவர் அவர்களே, கையெழுத்துப் போட மறந்த கை எங்கே? அதுதான் முதல் பெட்டியைத் தூக்க வேண்டும். மாமி முன்னால் போய்க் கதவைத் திறக்கட்டும். வாருங்கள், ராகவன் சாரின் குடும்பத்தை வீட்டுக்குள் கொண்டுபோய் விடுவோம்.